50 நிமிட விரிவுரையும் ஒரு மாணவியின் முடிவும்: பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு நாள்

பின்னணி

இந்த நிகழ்வில் வரும் மாணவிக்கு அப்போது 16 வயது. நான் அவளுக்கு இயற்பியல் எடுத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிறவள் இல்லை. ஆனால் விடை சரியாக வந்த பிறகும் நோட்டை மூடாமல், "ஏன் சார் இப்படி வருது?" என்று கேட்டு நிற்பவள். அப்படிக் கேட்கும் பிள்ளைகள் ஒரு வகுப்புக்கு ஒருவரோ இருவரோதான் கிடைப்பார்கள். மேற்படிப்புக்கு இயற்பியல் எடுக்கலாமா என்று அவளுக்குள் ஓர் எண்ணம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வீட்டில் அதுவரை யாரும் பல்கலைக்கழகம் போனதில்லை. அங்கே என்ன நடக்கும், எப்படிப் பாடம் எடுப்பார்கள், யாரிடம் எதைக் கேட்கலாம் என்பதெல்லாம் அவளுக்கு மற்றவர்கள் சொல்லக் கேட்டவைதான்.

ஒரு பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களை ஒரு நாள் வளாகத்துக்கு வரச் சொல்லி அழைத்தது. எங்கள் பள்ளியிலிருந்து 5 பேர் போனார்கள். துணைக்குப் போன ஆசிரியர் நான். காலை 10 மணிக்கு இயற்பியல் துறையில் ஒரு விரிவுரை, 11:15-க்கு நூலகம், மதிய இடைவேளை, 2 மணிக்கு மேல் விளையாட்டுத் திடல், விடுதி, கலையரங்கம் என்று ஒரு சுற்று, 4 மணிக்குப் புறப்பாடு. நிகழ்ச்சி நிரல் அவ்வளவுதான்.

புறப்படும் முன் நான் செய்தவை: பெற்றோரிடம் கையெழுத்து வாங்கினேன், வண்டிக்கு ஏற்பாடு செய்தேன், நேரத்துக்கு வரச் சொன்னேன், குறிப்பேடு கொண்டுவரச் சொன்னேன். நாங்கள் உட்காரப்போகும் விரிவுரை எந்த ஆண்டு மாணவர்களுக்கானது என்று நான் கேட்கவில்லை. மற்ற எல்லாமே அந்த ஒரு கேள்விக்கு அப்புறம்தான் வந்திருக்க வேண்டும்.

காலை: விரிவுரை அரங்கம்

அது மூன்றாம் ஆண்டு குவாண்டம் இயக்கவியல் வகுப்பு. அதுவும் பருவத்தின் நடுப்பகுதி. பேராசிரியர் எங்களை அன்பாக வரவேற்று, கடைசி இரண்டு வரிசைகளில் உட்காரச் சொன்னார். 'பெட்டிக்குள் துகள்' என்ற பாடத்தை எடுத்தார். இயற்பியலாளர் ஷ்ரோடிங்கர் 1926-இல் தந்த சமன்பாட்டை, எல்லையில்லா உயரமுள்ள இரண்டு சுவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட ஒரு துகளுக்குப் பொருத்தி, அதன் ஆற்றல் எந்தெந்த மதிப்புகளை மட்டும் எடுக்க முடியும் என்று காட்டும் பாடம். அந்த மாணவர்களுக்கு அது நன்றாகவே எடுக்கப்பட்ட வகுப்பு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

எங்கள் மாணவி முதல் 10 நிமிடம் வேகமாக எழுதினாள். அப்புறம் வேகம் குறைந்தது. அரை மணிக்குப் பிறகு அவள் பேனா ஒரே இடத்தில் நின்றிருந்தது. துகளின் நிலையை விவரிக்கும் அலைச்சார்பைக் குறிக்கும் சை என்ற கிரேக்க எழுத்து அவளுக்குப் புதிது. சூலம் போன்ற அந்தக் குறியைப் பக்கத்தின் ஓரத்தில் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்திருந்தாள். 7 முறை எழுதியிருந்ததைப் பின்னர் எண்ணினேன். முதல் மூன்றும் கோணல், கடைசி இரண்டும் அழகாக வந்திருந்தன. பாடத்தின் பெயரும் தெரியாமல், கையில் கிடைத்த ஒரே பிடியாக அந்த எழுத்தையாவது சரியாக எழுதிவிட வேண்டும் என்று ஒரு பிள்ளை போராடியிருக்கிறாள். அந்த நேரத்தில் நான் இதைக் கவனிக்கவில்லை. அமைதியாக எழுதிக்கொண்டிருக்கிறாள் என்றே நினைத்தேன்.

நூலகத்தில் ஒன்றைக் கவனித்தேன். ஆனால் அதன் பொருள் அப்போது விளங்கவில்லை. எங்கள் பள்ளி நூலகத்திலும் அங்கேயும் புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் ஒரே டூயி பதின்ம முறைதான். 1876-இல் வந்த முறை அது. அதில் இயற்பியலுக்கு எண் 530. மற்ற நால்வரும் வாசலிலேயே நின்றிருக்க, இவள் யாரையும் கேட்காமல் நேராக 530-ஆம் அடுக்குக்குப் போய் நின்றாள். அன்று காலை அவளுக்கு வழி தெரிந்த ஒரே இடம் அதுதான். ஆனால் அங்கே போய் எந்தப் புத்தகத்தையும் எடுக்கவில்லை. முதுகுப் பக்கங்களை வாசித்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

இடைவேளையில் சொன்னது

சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கேட்காமலே சொன்னாள்: "சார், எனக்கு இயற்பியல் வராது. வேற ஏதாவது எடுத்துக்கறேன்."

அழவில்லை, குரலும் மாறவில்லை. தீர யோசித்து முடித்துவிட்டவள் போலச் சொன்னாள். அதுதான் என்னை உலுக்கியது. "வகுப்பு கஷ்டமா இருந்தது" என்று சொல்லியிருந்தால் அது வகுப்பைப் பற்றிய பேச்சு. இவள் சொன்னது தன்னைப் பற்றிய தீர்ப்பு.

உடனே எல்லா ஆசிரியரும் சொல்வதையே நானும் சொன்னேன்: அது மூன்றாம் ஆண்டுப் பாடம், உனக்குப் புரியாமல் போனதில் வியப்பில்லை, நீ அங்கே போகும்போது படிப்படியாகத்தான் சொல்லித் தருவார்கள். தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை ஆசிரியராக இருப்பவர்களுக்குத் தெரியும். பேச்சை முடித்துக்கொள்வோம் என்று அதற்குப் பொருள். முன்கூட்டியே சொல்லியிருந்தால் தகவலாக இருந்திருக்கக்கூடிய அதே வாக்கியம், நடந்து முடிந்த பிறகு ஆறுதலாகத்தான் அவள் காதில் விழுந்தது. பதினாறு வயதுப் பிள்ளைகள் ஆறுதலை நம்புவதில்லை.

எடுத்த முடிவும் காரணமும்

எனக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. நிரலில் உள்ளபடியே பிற்பகல் சுற்றுக்கு அனுப்பிவிட்டு, பள்ளிக்குத் திரும்பியதும் பேசலாம். பேராசிரியரிடமே அழைத்துப்போய், அவரை நாலு வார்த்தை சொல்லச் சொல்லலாம். அல்லது அந்தத் துறையில் மாணவர்கள் உண்மையில் எப்படி வேலை செய்கிறார்கள் என்று அவள் பக்கத்திலிருந்து பார்க்க வைக்கலாம்.

முதலாவதை விட்டதற்குக் காரணம், வெறும் கட்டடங்களைப் பார்த்துவிட்டு அவள் கிளம்பினால் அந்த விரிவுரைதான் அந்த நாளாக அவள் மனதில் நின்றுவிடும். இரண்டாவதை விட்டது, பேராசிரியர் எவ்வளவு கனிவாகப் பேசினாலும் அதுவும் மேலேயிருந்து வரும் இன்னொரு ஆறுதலாகிவிடும் என்பதால். மூன்றாவது வழிக்கு அனுமதி வேண்டும். ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். அவர் ஆய்வகப் பொறுப்பாளரிடம் பேசி, இரண்டாம் ஆண்டு செய்முறை வகுப்பில் ஒரு மாணவியோடு ஒன்றரை மணி நேரம் உட்கார இடம் வாங்கித் தந்தார். விளக்கு சூடாக இருக்கும், தொடக்கூடாது என்பது மட்டும்தான் அவர்கள் போட்ட நிபந்தனை. மற்ற நான்கு பேரும் ஒருங்கிணைப்பாளரோடு சுற்றுக்குப் போனார்கள்.

நான் உள்ளே போகவில்லை. ஆசிரியர் பக்கத்தில் நின்றால் அவள் கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டாள் என்று தோன்றியது. கதவுக்கு வெளியே, கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே எழுதுவதில் பாதி நான் பார்த்தது. மீதி அவளும் அந்த இரண்டாம் ஆண்டு மாணவியும் பின்னர் சொன்னது.

பிற்பகல்: ஆய்வகம்

சோதனை, நிறமாலைமானியும் (ஒளி திரும்பும் கோணத்தை அளக்கும் கருவி) கீற்றணியும் (நெருக்கமான கோடுகளால் ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் தகடு) கொண்டு சோடியம் ஒளியின் அலைநீளத்தைக் கண்டுபிடிப்பது. சோடியம் ஆவி விளக்கைப் போட்டதும் அது மஞ்சளாக எரியாது. உள்ளே தொடக்கத்துக்காக வைத்த நியான் வாயு முதலில் செவ்வொளி தரும். சில நிமிடங்களில் சோடியம் ஆவியாகி மெல்ல மெல்ல மஞ்சள் ஏறும். அந்தச் சில நிமிடங்கள் இருவருக்கும் வேலையில்லை. "விளக்கு பழுதாக்கா?" என்று இவள் கேட்டிருக்கிறாள். அன்று காலையிலிருந்து அவள் ஒருவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. அந்த அக்காவும், "நானும் முதல் நாள் அப்படித்தான் நினைச்சேன்" என்றிருக்கிறாள்.

கீற்றணியில் மில்லிமீட்டருக்கு 600 கோடுகள். ஒளி உள்ளே வரும் பிளவு அகலமாக இருந்தபோது தொலைநோக்கியில் ஒரே தடித்த மஞ்சள் கோடு தெரிந்தது. அக்கா திருகைச் சுழற்றிப் பிளவைக் குறுக்கிக்கொண்டே போக, கோடு மெலிந்தது. அதே கோடு நடுவிலிருந்து இன்னும் விலகி மறுபடி தெரியும் இரண்டாம் வரிசைக்குத் தொலைநோக்கியைத் திருப்பியபோது அது இரண்டாகப் பிரிந்து நின்றது. ஒன்று 589.0 நானோமீட்டர், மற்றது 589.6. எங்கள் பாடநூலில் சோடியம் ஒளி என்றால் 589.3 என்று ஒரே எண். அந்த எண் இரண்டின் சராசரி என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். சொல்வது வேறு, கண்ணால் பார்ப்பது வேறு. கண்ணருகு லென்ஸிலிருந்து அவள் முகத்தை எடுக்கவே இல்லை. அக்கா அவள் தோளைத் தட்டி, "நான் அளவு எடுக்கணும், கொஞ்சம் விடு" என்று சொன்னதைக் கண்ணாடி வழியே பார்த்தேன்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அக்கா எடுத்த அளவு தவறாக வந்தது. இரண்டாம் வரிசைக்கு இடப்பக்கம் 44 பாகைக்குச் சற்று மேல், வலப்பக்கம் கிட்டத்தட்ட 46. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். அவள் மறுபடி அளந்தாள். அதே வித்தியாசம். பொறுப்பாளரைக் கூப்பிட்டாள். கீற்றணி ஒளிக்கற்றைக்குச் செங்குத்தாக இல்லை, சற்றே திரும்பியிருக்கிறது என்று அவர் காட்டினார். "போன வாரமும் இதே தப்புதான் பண்ணேன்" என்று அக்கா சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் முதலிலிருந்து சரிசெய்தாள். அதற்கு மட்டும் 20 நிமிடம் போனது.

அந்த நேரத்தில் எங்கள் மாணவி குறிப்பேட்டைப் புரட்டி, இந்தக் கோணத்துக்கான சூத்திரம் தனக்குத் தெரியும் என்று கண்டிருக்கிறாள். கோட்டிடைவெளியைக் கோணத்தின் சைனால் பெருக்கினால் அது வரிசை எண்ணை அலைநீளத்தால் பெருக்கியதற்குச் சமம். எண்களைப் போட்டுப் பார்த்தாள். சைனின் மதிப்பு 0.707 வந்தது, 45 பாகையின் சைன் அது. "45 பாகை வரணும்ல அக்கா?" என்று கேட்டாள். சரிசெய்து அளந்தபோது இரண்டு பக்கமும் 45-ஐ ஒட்டியே வந்தன.

அவள் அந்தப் பிழையைக் கண்டுபிடித்ததாக யாரும் நினைத்துவிட வேண்டாம். கண்டுபிடித்தவர் பொறுப்பாளர். அவள் பார்த்தது வேறு: பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒருத்திக்கு விடை தவறாக வருகிறது, அவள் அதைச் சத்தமாகச் சொல்கிறாள், யாரையோ கூப்பிடுகிறாள், திரும்பச் செய்கிறாள், அந்த அறையில் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

திரும்பிய பின்

வண்டியில் அவள் அதிகம் பேசவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை. ஒரு நல்ல பிற்பகல் ஒரு கெட்ட காலையை அழித்துவிடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்று மாலை அவள் தந்தை தொலைபேசியில், "பிள்ளைக்குப் பிடிச்சிருந்ததா?" என்று கேட்டார். இரண்டு நாள் கழித்துப் பேசலாம் என்றேன். பிடித்ததா என்ற கேள்விக்குப் பிள்ளைகள் ஆமாம் என்றே சொல்வார்கள். அதற்கு மேல் அந்தக் கேள்வி எதையும் கொண்டுவராது.

இரண்டு நாள் கழித்து அவளிடம் விரிவுரைக் குறிப்பை எடுத்துவரச் சொன்னேன். "கடைசியா எந்த வரி வரைக்கும் புரிஞ்சது? அதுக்குக் கீழே ஒரு கோடு போடு" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து, நான்காவது வரிக்குக் கீழே கோடு போட்டாள். துகள் சுவருக்கு வெளியே இருக்காது, ஆகவே சுவரில் அலையின் மதிப்பு சுழியம். அந்த வரி வரை புரிந்திருந்தது. அதற்கப்புறம் வந்த வகைக்கெழுச் சமன்பாட்டில்தான் அவள் தொலைந்துபோனாள். அதை அவள் இன்னும் படிக்கவே இல்லையே.

இரண்டு முனையிலும் கட்டிய கம்பியில் அலை எப்படி நிற்கும் என்று கேட்டேன். அது அவளுக்குத் தெரியும். அரை அலைநீளங்கள் முழு எண்ணிக்கையில் அந்த நீளத்துக்குள் அடங்க வேண்டும். துகளின் உந்தத்தை (நிறையை வேகத்தால் பெருக்கிய அளவு) அலைநீளத்தோடு இணைக்கும், 1924-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டி பிராய் சொன்ன தொடர்பும் தெரியும்: பிளாங்க் மாறிலி என்ற நிலையான எண்ணை அலைநீளத்தால் வகுத்தால் உந்தம். இரண்டையும் சேர்த்து, உந்தத்திலிருந்து இயக்க ஆற்றலைக் கணக்கிடச் சொன்னேன். 20 நிமிடம் ஆனது. ஆற்றல் முழு எண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப, 1, 4, 9, 16 என்று ஏறுகிறது என்று வந்தது. பேராசிரியர் கரும்பலகையின் வலது மூலையில் கட்டம் போட்டு எழுதிய கடைசி வரி அதுதான். அவள் குறிப்பேட்டில் அந்த வரியும் இருந்தது, புரியாமல் பார்த்து எழுதியது. தன் விடையை அதன் பக்கத்தில் வைத்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இது குறுக்கு வழி என்பதையும் அவளிடம் சொல்லிவிட்டேன். சமன்பாடு ஏன் தேவைப்படுகிறது, பெட்டி இல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதெல்லாம் இந்த வழியில் வராது. அது பொய்யான தைரியமாகிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அப்போ அந்த நாலு வரி நிஜமாவே எனக்குப் புரிஞ்சிருந்ததா சார்?" ஆமாம் என்றேன்.

பின்னர் நடந்தது

அதன் பிறகும் அவள் முடிவெடுக்க மூன்று மாதங்கள் எடுத்துக்கொண்டாள். இடையில் புள்ளியியல் பக்கம் சாய்ந்தாள், மறுபடி திரும்பினாள். கடைசியில் இயற்பியலுக்கே விண்ணப்பித்தாள், வேறொரு பல்கலைக்கழகத்தில். இப்போது முதலாண்டு படிக்கிறாள். கணிதத்தில் சிரமப்படுகிறாள். யாரிடம் போய்க் கேட்கலாம் என்று தெரிந்திருக்கிறது.

இதோடு நிறுத்தினால் நான் எழுதியது பாதிதான் உண்மையாக இருக்கும். அன்று வந்த 5 பேரில் ஒரு பையனும் இயற்பியல் எடுக்கும் எண்ணத்தில் இருந்தவன். விரிவுரையில் அவளுக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தான். இடைவேளையில் எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவன் அவன்தான். அன்றைய என் குறிப்பில் அவனைப் பற்றி 'உற்சாகமாக இருந்தான்' என்று எழுதியிருக்கிறேன். மேற்படிப்பு விருப்பத்தை எழுதித் தரும் நாளில் அவன் வேறு பாடம் எழுதியிருந்தான். கேட்டேன். "அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன் சார். அங்கே இருந்தவங்களுக்கு எல்லாம் புரிஞ்சுது, எனக்கு மட்டும் ஒண்ணும் புரியல."

அவன் எடுத்த பாடம் தவறு என்று சொல்ல வரவில்லை. அதில் அவன் நன்றாகவே படிக்கிறான். ஆனால் அந்த முடிவு அவனுக்குப் பொருந்தாத ஒரு 50 நிமிடத்தை வைத்து எடுக்கப்பட்டது. வாய்விட்டுச் சொன்னவளுக்கு ஆய்வகம் கிடைத்தது. சிரித்து மறைத்தவனைத் திடலைப் பார்க்க அனுப்பினேன். "அவங்களுக்கு எல்லாம் புரிஞ்சுது" என்ற எண்ணத்தையும் நான் யோசித்திருக்க வேண்டும். கடைசி வரிசையில் உட்கார்ந்தால் தெரிவது குனிந்து எழுதும் தலைகள் மட்டும்தான். யாருக்குப் புரிந்தது, யார் பார்த்து எழுதுகிறார் என்று பின்னாலிருந்து தெரியாது.

இனி மாற்றுவது

இப்போது வளாகத்துக்குப் போகும் முன், எந்த ஆண்டு, பருவத்தின் எத்தனையாவது வாரம், என்ன பாடம் என்று எழுத்தில் கேட்டு வாங்குகிறேன். முதலாண்டு வகுப்பு கிடைத்தால் அது. கிடைக்காவிட்டால் விரிவுரையை 15 நிமிடத்தோடு நிறுத்திக்கொண்டு எழுந்து வர அனுமதி கேட்கிறேன். பெரும்பாலும் தருகிறார்கள். என்ன புரியும், என்ன புரியாது என்பதை முந்தைய நாளே வகுப்பில் சொல்லிவிடுகிறேன். புதிய குறிகள் இருந்தால் அவற்றின் பெயரையும்.

கட்டடச் சுற்றை அரை மணி நேரமாகச் சுருக்கிவிட்டேன். மிச்ச நேரம் செய்முறை வகுப்பில், ஒரு மாணவருக்கு ஒரு பிள்ளை என்று, ஆசிரியர் யாரும் பக்கத்தில் இல்லாமல். எல்லாத் துறையிலும் இதற்கு இடம் கிடைப்பதில்லை. வேதியியல் ஆய்வகத்தில் பாதுகாப்புக் காரணத்தால் மறுத்துவிட்டார்கள், அது நியாயம்தான். அங்கே ஆய்வகத்துக்குப் பதிலாக, அன்றைய செய்முறை முடிந்து வெளியே வரும் மாணவர்களோடு அரை மணி நேரம் பேச உட்கார வைத்தோம்.

குறிப்பேட்டில் கோடு போடும் வேலையை இரண்டு நாள் தள்ளிப் போடுவதில்லை. திரும்பும் வண்டியிலேயே, பேசுகிற பிள்ளை பேசாத பிள்ளை என்று பார்க்காமல் ஒவ்வொருவரும் போட வேண்டும். கடைசியாகப் புரிந்த வரிக்குக் கீழே ஒரு கோடு. பெயர் எழுத வேண்டியதில்லை, ஆனால் பெரும்பாலும் எழுதித்தான் தருகிறார்கள். கடந்த முறை 6 பேர் வந்தார்கள். ஒருத்தி பாடத்தின் தலைப்புக்குக் கீழேயே கோடு போட்டிருந்தாள். மறுநாள் காலை வகுப்பு தொடங்கும் முன் அவளை முதலில் கூப்பிட்டேன்.